நாலரை

இரவு பதினொன்றுக்கு மேல்தான் தொடங்குவேன்.
ஜன்னலுக்குக் கறுப்புத் துணி.
டிவியின் அடியில் எரியும் சிவப்புப் பொட்டுக்கும்
ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்.
நாம்சோஸில் ஜனவரி; வெளியிலும் இருட்டுக்குப் பஞ்சமில்லை.
ஆனாலும் என் இருட்டு வேறு,
அளந்து வைத்தது.

திரைக்கும் நாற்காலிக்கும் ஒன்றே முக்கால் மீட்டர்.
தரையில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டிருக்கிறேன்.
இங்குன் அதைத் துடைப்பதில்லை.
சிரிப்பதோடு சரி.

முதலில் கறுப்பு.
சாம்பல் பூத்திருக்கக் கூடாது,
அதற்காகக் கோட்டையும் பொத்தானையும் சேர்த்து
விழுங்கிவிடவும் கூடாது.
பிறகு வானம். அந்தி படிக்கட்டாக உடைந்தால்
அரை மதிப்பெண் போச்சு.
பாய்மரத்தை ஒட்டி வெள்ளைக் கோடு ஓடினால்
எவனோ கூர்மை வேண்டுமென்று
குமிழைத் திருகியிருக்கிறான்.
கடைசியாகத் தோல்.
ஃபிலிம் என்றால் குருணை இருக்கும்,
பிரேமுக்குப் பிரேம் இடம் மாறி
உயிரோடு துடிக்கும்.
அதை அழுக்கென்று வழித்துவிட்டால்
நடிகர்கள் சோப்பில் செய்த மனிதர்கள்.
ஒருமுறை ஒரு கடற்கொள்ளைக்காரனுக்குக்
கைக்குழந்தையின் கன்னம்.
ஒன்றரை கொடுத்தேன்.
தட்டை விற்ற கம்பெனி என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை.

அன்றைக்கு வந்த ப்ளூ-ரே
ஐம்பத்தெட்டில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம்.
மீன்பிடித் துறைமுகம், கடன்பட்ட படகுக்காரன்,
அவன் தம்பி திருப்பித் தராத ஒரு கைக்கடிகாரம்.
மூல நெகட்டிவிலிருந்தே எடுத்தார்களாம்.
ஒரு கீறல் இல்லை. ஒரு தூசு இல்லை.
கம்பளிச் சட்டையின் பின்னலை எண்ணலாம்;
எண்ணினேன்.
படகுக்காரனின் தாடையில் மூன்று நாள் முள்,
தனித்தனியாக.
நோட்டில் எழுதினேன்: நாலரை.
அந்த அரையைக்கூட
ஐந்து கொடுத்துப் பழக்கமில்லாததால்தான்
பிடித்து வைத்தேன்.

மூன்றரை மணிக்கு இங்குன் வந்தாள்.
பதினேழாம் எண் சாலையில்
பனி வழிக்கும் வண்டி அவளுடையது.
பூட்ஸைக் கழற்றாமல்
நாற்காலிக்குப் பின்னால் நின்று
ரொட்டி மென்றபடி அரை நிமிடம் பார்த்தாள்.

"அவன் எதற்குத் தோளைத் தட்டிக்கொள்கிறான்?"

எவன்?

"படகுக்காரன். இதோ, அந்தப் பெண்ணும்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு போகிறாள்.
காற்றுக்கு இப்படிக் குனிய மாட்டார்கள்.
இது பனிக்குக் குனிகிற குனிவு."

பின்னால் ஓட்டினேன்.
துறைமுகத்தில் முப்பது பேர்.
எல்லாரும் தொப்பியைப் புருவம் வரை இறக்கியிருந்தார்கள்.
ஒருத்தி குழந்தையின் முகத்தைக் கையால் மறைத்திருந்தாள்,
ஒன்றுமே விழாத வானத்திலிருந்து.

கீழறைப் பெட்டியில் பழைய டிவிடி இருந்தது.
கலங்கிய மோர் போலப் படம்.
முகமும் தெரியவில்லை, முள்ளும் தெரியவில்லை.
பனி கொட்டிக்கொண்டிருந்தது.

இந்த பிரேமில் இருந்து
அடுத்ததில் இல்லாத வெள்ளைப் புள்ளி எதுவும்
துப்புரவு மென்பொருளுக்குத் தூசு.
களையென்று பயிரைப் பிடுங்கியிருக்கிறது.
ஒன்பது நிமிடப் பனி,
ஒரு செதில் விடாமல்.

"என்னைவிடச் சுத்தமாக வழிக்கிறது," என்றாள் இங்குன்.
"உப்புகூடப் போடவில்லை."
கொட்டாவி விட்டுக்கொண்டு படுக்கப் போனாள்.

நாலரையை அடித்தேன்.
பக்கத்தில் என்ன போடுவதென்று தெரியவில்லை.
கம்பளியின் பின்னல் பொய் இல்லை.
தாடையின் முள் பொய் இல்லை.
பொய்யென்று காட்ட
அந்த பிரேமில் ஒரு புள்ளி கூட இல்லை.
இரண்டு முறை பார்த்தவன் நான்,
அளந்த தூரத்தில், அளந்த இருட்டில்,
அத்தனை பேர் தோளைத் தட்டியும்.

விளக்கைப் போட்டேன்.
அவள் பூட்ஸிலிருந்து கரைந்த நீர்
நாற்காலி வரை ஓடியிருந்தது.
சுண்ணக்கட்டிக் கோட்டில்
பாதியைக் காணோம்.